மூன்று படிகள்: மலாயாவில் ஆட்சிப்பணிக்கு ஆளெடுத்த வரலாறு

வரலாற்றுப் பாடத்தில் போர்கள் நடந்த ஆண்டுகளையும் ஒப்பந்தங்களின் விதிகளையும் ஆளுநர்களின் பெயர்களையும் மாணவர்கள் மனனம் செய்கின்றனர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் கப்பலேறிச் சென்ற பிறகு நிலவரியைத் தண்டியவர் யார்? பிறப்பையும் இறப்பையும் பதிந்தவர் யார்? வழக்கு மன்றத்தில் நின்றவனின் சொல்லை நீதிபதிக்கு எடுத்துரைத்தவர் யார்? இரயில் நிலையத்தில் பச்சைக்கொடி காட்டியவர் யார்? இவ்வினாக்களுக்கு நம் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் விடை கூறி அமைந்துவிடுகின்றன. ஆயினும் எளிய மக்கள் கண்ட அரசாங்கம் இவர்களே. ஆளுநரின் முகத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் காணாதவனும் கிராணியின் முகத்தை மாதந்தோறும் கண்டான்.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்துள்ளார். ஆளை ஆராய்ந்து தேர்வது ஒன்று; தேர்ந்தவனுக்கு அவன் திறத்துக்கேற்ற வினையை ஒப்படைப்பது மற்றொன்று. எந்த ஆட்சியையும் இவ்விரண்டு அளவுகோல்களாலும் அளந்து பார்க்கலாம். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்காலம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நிலவிய ஆங்கிலேய ஆட்சி தன் பணியாளரை எவ்வாறு தெரிந்தது, எவ்வாறு வினையில் அமர்த்தியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரலாற்றில் தமிழர்க்கும் ஓர் இடம் உண்டு. ஓரிடம் என்பதைவிட, ஒன்றுக்கொன்று எட்டாத ஈரிடங்கள் உண்டு என்பதே பொருந்தும்.

கும்பினியார் காலம்

1786-இல் பினாங்கும் 1819-இல் சிங்கப்பூரும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தன. 1824-இல் ஒல்லாந்தருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழி மலாக்காவும் சேர்ந்தது. 1826-இல் இம்மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றாக இணைக்கப்பட்டன. அக்காலத்தில் கும்பினியின் பணிக்குச் சேர்வதற்குத் தேர்வு ஏதுமில்லை. இலண்டனில் இருந்த இயக்குநர் ஒருவரின் பரிந்துரை வேண்டும், அவ்வளவே. இயக்குநர்கள் தம் மக்களையும் மருமக்களையும் நண்பரின் பிள்ளைகளையும் பரிந்துரைத்தனர். கும்பினியின் தொடக்கநிலை ஊழியருக்கு 'ரைட்டர்', அதாவது எழுத்தர் என்றே பெயர். சிங்கப்பூரை நிறுவியவராகப் போற்றப்படும் ராபிள்சும் 1795-இல் தம் பதினான்காம் வயதில் இலண்டன் தலைமையகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவரே. பத்தாண்டுகள் கழித்து 1805-இல் பினாங்கு தனி மாகாணமாக உயர்த்தப்பட்டபோது துணைச் செயலாளராக இங்கு வந்தார். வரும் வழியிலேயே மலாய் கற்கத் தொடங்கினார் என்பர்.

எல்லாரும் ராபிள்சு அல்லர். 1830-இல் பினாங்கு மாகாணம் கலைக்கப்பட்டு, குடியேற்றங்கள் வங்காளத்தின் கீழ் வைக்கப்பட்டன. இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட அலுவலர் பலருக்கு இங்குள்ள மக்களின் மொழியோ வழக்கமோ தெரியவில்லை. ஆள்பவர்க்கு மலாயும் தெரியாது, சீனமும் தெரியாது என்பது சிங்கப்பூர் வணிகர் முன்வைத்த குறைகளுள் ஒன்று. இத்தகைய குறைகள் திரண்டே, 1867 ஏப்ரல் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசாங்கத்திடமிருந்து பிரிக்கப்பட்டு இலண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் நேரடி ஆட்சிக்கு மாறின.

தேர்வு வந்தது

இதற்கிடையில் இங்கிலாந்தில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1854-இல் நார்த்கோட்டும் டிரெவெல்யனும் அளித்த அறிக்கை, அரசுப் பணிக்குப் பரிந்துரையால் ஆளெடுக்கும் வழக்கத்தை ஒழித்துத் திறந்த போட்டித் தேர்வைக் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்தியது. இந்திய ஆட்சிப்பணிக்கு முதல் போட்டித் தேர்வு 1855-இல் நடைபெற்றது. 'யாருடைய மகன்?' என்ற கேள்வி பின்னுக்குச் சென்று, 'எத்தனை மதிப்பெண்?' என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. மனித வரலாற்றில் இது சிறிய மாற்றமன்று.

அம்மாற்றத்தின் அலை இங்கும் வந்து மோதிற்று. 1867-க்குப் பின் 'கேடட்' எனப்பட்ட பயிற்சி அலுவலர்கள் இங்கிலாந்தில் தெரிந்தெடுக்கப்பட்டு அனுப்பப்பட்டனர். தொடக்கத்தில் பரிந்துரை பெற்றவர்களுக்கு மட்டுமே தேர்வு வைத்தனர். 1882 முதல் திறந்த போட்டி வந்தது. 1896-இல் இங்கிலாந்து, இந்திய, கீழைக் குடியேற்ற நாட்டுப் பணிகள் மூன்றுக்கும் பொதுவான ஒரே தேர்வு ஏற்பட்டது. முதல் வரிசை மதிப்பெண் பெற்றவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து அல்லது இந்தியப் பணியைத் தெரிந்துகொள்வர். அடுத்த நிலையினர் இலங்கைக்கும் ஆங்காங்குக்கும் மலாயாவுக்கும் வருவர்.

1870-இல் தேர்வெழுதி, 1871-இல் சிங்கப்பூர் வந்திறங்கிய பிராங்க் சுவெட்டன்காம் இம்முறையின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்தவர். மலாய் மொழியை விரைந்து கற்றமையால் 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின்போது அவருடைய பணி இன்றியமையாததாயிற்று. 1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டு மலாய் மாநிலங்களாக இணைந்தபோது அவரே முதல் தலைமை ரெசிடெண்ட் ஆனார். 1901-இல் ஆளுநராகவும் உயர்ந்தார்.

ஆனால் மலாய் மாநிலங்களில் தொடக்கத்தில் தேர்வு முறை வேரூன்றவில்லை. ரெசிடெண்ட் விரும்பியவரே அலுவலர் ஆனார். 1883-இல் பதினேழு வயதில் பேராக் பணியில் சேர்ந்த இயூ கிளிப்போர்டு அப்போதைய ஆளுநர் வெல்டின் உறவினர். பிற்காலத்தில் கிளிப்போர்டும் ஆளுநரானார். சிறந்த எழுத்தாளராகவும் விளங்கினார். உறவால் வந்தவர் எல்லாரும் திறனற்றவர் அல்லர் என்பதற்கு அவர் சான்று. ஆயினும் உறவே வாயிலாக இருக்கும் இடத்தில், உறவில்லாத திறனாளி எத்தனை பேர் வெளியே நின்றனர் என்பதை எந்த ஏடும் நமக்குச் சொல்லாது.

வந்து சேர்ந்த கேடட்டுக்கு உடனே அதிகாரம் கிட்டவில்லை. மாவட்ட அலுவலகம் ஒன்றில் பழகி, சட்டத்திலும் மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும். பெரும்பாலோர் மலாய் கற்றனர். சீனம் கற்கத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் சீனாவின் துறைமுக நகரங்களுக்கு அனுப்பப்பட்டனர். தமிழுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் சென்னை மாகாணத்துக்குச் சென்று தமிழ் கற்றுவந்தனர். தேர்ந்தவரே மாவட்ட அதிகாரி ஆவார். அவர் நிலவரி தண்டுபவர், குற்றவியல் நடுவர், சாலையும் பாலமும் பார்ப்பவர், ஊர்த்தலைவர்களான பெங்ஙூலுகளை மேற்பார்வையிடுபவர். இருபதுகளில் இருந்த ஓர் இளைஞனின் கையில் இவ்வளவும் இருந்தன. மலாய் அகராதி தொகுத்த வில்கின்சனும், மலாய் இலக்கணமும் இலக்கிய வரலாறும் எழுதிய வின்ஸ்டட்டும் இவ்வகையில் வந்தவர்களே. அவர்களது புலமைக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

பிறப்பு விதி

தேர்வு முறை பரிந்துரையை ஒழித்தது, பிறப்பை ஒழிக்கவில்லை. 1904-இல் இலண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகம் மலாயா, ஆங்காங் பணிகளுக்கு ஒரு புதிய விதியை வகுத்தது. விண்ணப்பிப்பவர் தாய் வழியிலும் தந்தை வழியிலும் கலப்பற்ற ஐரோப்பிய மரபினராக இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. மதிப்பெண் எவ்வளவு பெற்றாலும், பிரிட்டிஷ் குடிமகனாகவே பிறந்திருந்தாலும், ஆசியனுக்கும் யூரேசியனுக்கும் மேற்படி அடைக்கப்பட்டது.

இவ்விதியின் தன்மையை விளங்கிக்கொள்ள அண்டை நாட்டை நோக்கினாற் போதும். இந்திய ஆட்சிப்பணித் தேர்வில் 1863-இலேயே சத்தியேந்திரநாத் தாகூர் தேறினார். இலங்கை ஆட்சிப்பணிக்கு 1875-இல் போட்டித் தேர்வின் வழி முதன்முதலாகச் சேர்ந்த இலங்கையர் ஒரு தமிழர். அவரே பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், பிற்காலத்தில் இலங்கையின் 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பை நடத்திப் புகழ்பெற்றார். பாக்கு நீரிணைக்கு அருகே திறந்திருந்த கதவு மலாக்கா நீரிணையில் அடைபட்டிருந்தது. ஒரே பேரரசு, ஒரே தேர்வு, ஒரே வினாத்தாள். ஆனால் கதவு வேறு.

காரணம் என்ன? இந்தியாவிலும் இலங்கையிலும் மக்களின் கோரிக்கைக் குரல் வலுத்திருந்தது. மேலும், விக்டோரியா அரசியார் 1858-இல் வெளியிட்ட பிரகடனத்தில் இந்தியரைத் தகுதி நோக்கிப் பணியில் அமர்த்துவதாக வாக்களித்திருந்தார். மலாயாவில் அத்தகைய வாக்குறுதி இல்லை. மலாய் மாநிலங்கள் சுல்தான்களுடையவை, அவற்றைப் பிற ஆசியர் ஆள்வதை மலாய்க்காரர் ஏற்கமாட்டார் என்று ஆட்சியாளர் வாதிட்டனர். சீன, இந்திய, யூரேசிய மக்கள் பெருமளவில் வாழ்ந்த பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இவ்வாதம் எவ்வாறு பொருந்தும் என்ற வினாவுக்கு அவர்களிடம் தக்க விடை இல்லை.

அறிவுடையார் இங்கு இல்லாமற் போகவில்லை. 1885-இல் ஏற்பட்ட அரசியார் உபகாரச் சம்பளத்தின் வழி இங்கிலாந்து சென்ற லிம் பூன் கெங் மருத்துவராகவும், சோங் ஓங் சியாங் வழக்கறிஞராகவும் திரும்பினர். நாட்டின் பொது வாழ்வுக்கு அவர்கள் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் அவர்களுக்குப் பின் வந்த உபகாரச் சம்பளப் பட்டதாரிகள் அறுவை மருத்துவம் செய்யலாம், வழக்காடலாம். தாம் பிறந்த ஊரில் மாவட்ட அதிகாரியாக அமர இயலாது. தம் ஆட்சியே செலவிட்டுப் படிக்கவைத்த அறிவைத் தம் ஆட்சியே வாயிலில் நிறுத்தியது. 'தெரிந்து தெளிதல்' என்னும் அளவுகோலில் இவ்வாட்சி இங்கே தோற்றது.

நடுப்படி

சுல்தான்களின் நாட்டில் அவர்தம் குடிமக்களுக்கு இடமில்லாத ஆட்சி நெடுநாள் நீடிக்க இயலாது என்பதை அலுவலர் சிலரும் உணர்ந்திருந்தனர். வில்கின்சனின் எண்ணத்தில் உருவாகி, 1905 சனவரியில் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி திறக்கப்பட்டது. அரச குடும்பத்தினர், பிரபுக்கள் ஆகியோரின் பிள்ளைகளே அங்கு மிகுதியாகப் பயின்றனர். 1910-இல் அக்கல்லூரி மாணவரைப் பயிற்றி ஆட்சியில் அமர்த்தும் திட்டம் வந்தது. அதுவே மலாய் நிர்வாகப் பணி எனப்பட்டது. அது மலாயா ஆட்சிப்பணிக்குக் கீழான தனிப் பணி. மேற்படிக்கு உயர்வு உண்டு. ஆனால் நெடுங்காலக் காத்திருப்புக்குப் பின், ஒரு சிலருக்கே.

1909-இல் சயாமிடமிருந்து வந்த கெடா முதலிய மாநிலங்களும் ஜொகூரும் இதில் வேறுபட்டு நின்றன. அம்மாநிலங்கள் தமக்கெனத் தனி ஆட்சிப்பணியை வைத்திருந்தன. அலுவலக மொழியாக மலாய் இருந்தது. மொழி மலாயாக இருந்தமையால் அலுவலரும் எழுத்தரும் பெரும்பாலும் மலாய்க்காரராகவே இருந்தனர். கூட்டு மாநிலங்களில் அலுவலக மொழி ஆங்கிலம். ஆகவே ஆங்கிலம் கற்றவர் எங்கிருந்தாலும் அவரைத் தேடிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அலுவலக மொழி எதுவோ அதுவே ஆளெடுப்பின் வாயிற்காவலன் என்னும் உண்மையை இவ்வொப்பீடு தெளிவாக்குகிறது.

பிற்காலத்தில் மலாயாவின் முதற் பிரதமரான துங்கு அப்துல் ரகுமான் 1931-இல் கெடா ஆட்சிப்பணியில் சேர்ந்தவர். இரண்டாம் பிரதமரான துன் அப்துல் ரசாக் மலாய்க் கல்லூரியில் பயின்று 1939-இல் மலாய் நிர்வாகப் பணியில் சேர்ந்தவர். கீழ்ப்படியாக வைக்கப்பட்ட பணியே ஒரு நாட்டின் தலைமைக்குப் பயிற்சிக் களமாயிற்று.

கீழ்ப்படியும் யாழ்ப்பாணமும்

மேற்படியில் இருந்தவர் சில நூறு பேரே. அரசாங்கத்தின் பெருஞ்சுமையைத் தாங்கியவர் எழுத்தர், கணக்கர், நில அளவையாளர், தந்தி அலுவலர், நிலைய அதிபர், மருந்தாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர். மலாய் மாநிலங்கள் ஆங்கில ஆட்சிக்கு உட்பட்ட 1870-களில் அங்கு ஆங்கிலப் பள்ளிகள் இல்லை எனலாம். பினாங்கு, சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பயின்ற இளைஞரை வணிக நிறுவனங்கள் நல்ல ஊதியம் கொடுத்து ஈர்த்துக்கொண்டன. கோலாலம்பூரில் விக்டோரியா கல்விச்சாலை தோன்றியதே 1893-இல்தான். அதுவரையிலும் அதற்குப் பின்னும் எழுத்தருக்கு எங்குப் போவது?

விடை இலங்கையின் வடமுனையில் இருந்தது. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் பள்ளிகளை நடத்தினர். 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைக் குருமடம் ஆங்கிலத்தோடு கணிதமும் அறிவியலும் தமிழும் கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அக்கல்விச் சூழலின் பயன்களே. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துக் காத்த தாமோதரம்பிள்ளையைத் தமிழாசிரியர் எவரும் மறக்கவியலாது. மறுபுறம், 1848-இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் அதன் வழிவந்த சைவப் பள்ளிகளும் கல்வியைப் பெருக்கின. ஒரு சிறு தீபகற்பத்தில் போட்டியிட்டு வளர்ந்த இப்பள்ளிகள், அத்தீபகற்பம் தாங்கக்கூடிய வேலைகளைவிட மிகுதியான படித்தவர்களை உருவாக்கின. ஆறுகளற்ற வறண்ட நிலம், துண்டுபட்ட காணிகள், கையில் ஆங்கிலச் சான்றிதழ். கப்பலேறுவதற்கு இவை போதும்.

இலங்கையில் பணியாற்றி மலாயாவுக்கு மாறிய ஆங்கிலேய அலுவலர் இவ்விணைப்பை ஏற்படுத்தினர். பேராக்கின் முதல் ரெசிடெண்டும் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டவருமான பர்ச், இலங்கைப் பணியிலிருந்து வந்தவர். தாம் அறிந்த ஊழியரையே அலுவலர் நாடினர். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நாட்டின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டபோது, அதை அமைப்பதில் இலங்கையிலிருந்து வந்த முன்னோடிப் படையினர் உழைத்திருந்தனர். பாதை நீள நீள, நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் யாழ்ப்பாணத் தமிழர் தொடர்ந்து வந்தனர். ஒருவர் வந்து வேலையில் அமர்ந்ததும் தம்பிக்கும் மைத்துனனுக்கும் கடிதம் எழுதினார். இலண்டனில் இயக்குநர் செய்த பரிந்துரையைப் போன்றே, இங்குத் தலைமைக் கிராணியின் பரிந்துரையும் வேலை செய்தது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சும் செந்தூலும் அவர்களது குடியிருப்புகளாயின. 1900-இல் சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கம் தோன்றிற்று. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும் பிரிக்பீல்ட்சு விவேகானந்த ஆசிரமமும் அவர்களது முயற்சியின் சின்னங்கள். யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் 'மலாயா பென்சனியர்' என்பது மதிப்புக்குரிய பட்டமாக விளங்கியது. அங்கு எழுந்த கல்வீடுகளுக்கும் பள்ளிக் கட்டடங்களுக்கும் இங்கிருந்து சென்ற மணியார்டரும் கைகொடுத்தது.

இவர்களது ஒழுங்கும் நேர்மையும் உழைப்பும் போற்றத்தக்கன. ஆயினும் அவர்களுக்கு மேல் ஒரு கூரை இருந்தது. முப்பது ஆண்டு உழைத்த தலைமைக் கிராணி, நேற்று வந்த கேடட்டுக்குக் கோப்பின் நுணுக்கத்தைக் கற்பித்தார். சில ஆண்டுகளில் அந்தக் கேடட் அவருக்கு மேலதிகாரி ஆனார். கற்பித்தவர் இருந்த இடத்திலேயே ஓய்வு பெற்றார். 'தெரிந்து வினையாடல்' என்னும் இரண்டாம் அளவுகோலிலும் அவ்வாட்சி தவறியதை இந்நிலை காட்டுகிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தபோது அக்கூரையும் பாதுகாப்பானதன்று என்பது விளங்கியது.

அதே 1930-களில் நீரிணைக் குடியேற்றங்களில் பிறந்த ஐரோப்பியரல்லாதார்க்கென ஒரு தனி ஆட்சிப்பணி ஏற்படுத்தப்பட்டது. நெடுநாளைய கோரிக்கையின் பயன் அது. ஆயினும் அதன் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. அதுவும் மலாயா ஆட்சிப்பணிக்குக் கீழ்ப்பட்டதாகவே வைக்கப்பட்டது. மேற்படிக்கோ, 1932-இல் போட்டித் தேர்வு கைவிடப்பட்டு, இலண்டனில் நேர்காணலின் வழி ஆளெடுக்கும் முறை வந்தது. அறிவைவிடக் குடிப்பிறப்பும் பள்ளிப் பழக்கமும் விளையாட்டுத் திறனும் அங்கு மதிக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு முன் வெளியே தள்ளப்பட்ட பரிந்துரை, வேறு உடை அணிந்து உள்ளே வந்தது.

படிக்கு வெளியே

இதுவரை கூறிய மூன்று படிகளிலும் இடம்பெறாத பெருங்கூட்டம் ஒன்றுண்டு. சென்னை மாகாணத்துச் சிற்றூர்களிலிருந்து இரப்பர்த் தோட்டங்களுக்கும் சாலைப் பணிக்கும் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே அவர்கள். 1907-இல் இந்தியக் குடிநுழைவுக் குழு அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் பணம் தண்டி, கங்காணி முறையில் ஆளெடுப்பதற்கு அது உதவியது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. 1912-இல் தொழிலாளர் இலாகா ஏற்பட்டது. தமிழ் கற்ற ஆங்கிலேயரே அவ்விலாகாவின் அதிகாரிகள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அப்பதவிக்கு வர இயலாது. தமிழைச் சென்னை சென்று கற்றுவந்தவர் வரலாம். இம்முரண்பாட்டை மாணவர்க்கு விளக்கிச் சொல்வது ஆசிரியர் கடமை.

சீனர் நிலையோடு இதனை ஒப்பிடலாம். 1877-இல் சீனர் பாதுகாவலராக அமர்த்தப்பட்ட பிக்கரிங் சீன மொழியில் வல்லவர். அவருக்கு முன் சீனம் அறிந்த ஆங்கிலேய அலுவலர் இங்கில்லை. சீன, தமிழ் மக்களின் குறைகளைக் கேட்க அவர்தம் மொழியறிந்த அதிகாரி வேண்டும் என்று அரசாங்கம் உணர்ந்தது நன்றே. ஆனால் மொழியை அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட அரசாங்கம், அதிகாரத்தை அவர்களுக்குத் தரவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி எவ்வாறு இருந்தது? 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டம் ஏட்டில் இருந்தது. பள்ளி, பல தோட்டங்களில் ஒரு கொட்டகையாக இருந்தது. கங்காணியோ எழுதப்படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவரோ ஆசிரியர் ஆனார். சில ஆண்டுகள் தமிழ் கற்ற பிள்ளைக்கு அதற்கப்பால் வழியில்லை. ஆங்கிலப் பள்ளி நகரில் இருந்தது. நகருக்குச் செல்ல வண்டிச் செலவு இல்லை. அரசாங்க அலுவலகத்தின் கீழ்ப்படிக்குரிய தேர்வை எழுதும் தகுதிகூட அப்பிள்ளைக்கு வாய்க்கவில்லை.

தோட்டத்தில் வளர்ந்த நம்மில் பலர் விடியற்காலைப் பெரட்டைக் கண்டிருப்போம். வரிசையில் நின்றவர் தமிழ் பேசினர். பெயரேட்டைப் புரட்டிய கிராணியாரும் பல இடங்களில் தமிழரே, அல்லது மலையாளியரே. ஒருவர் கையில் பால்வெட்டும் உளி. மற்றவர் கையில் பேனா. இருவருக்கும் இடையே இருந்த தொலைவு ஏழெட்டு அடிதான். அத்தொலைவை உண்டாக்கியது அறிவின் ஏற்றத்தாழ்வன்று. ஒருவர் பிறந்த ஊரில் பள்ளி இருந்தது. மற்றவர் பிறந்த ஊரில் இல்லை. இதை உணராத பேனா பிடித்தவர் சிலர், உளி பிடித்தவரை இழிவாகக் கருதியதும் உண்டு. நம் இனத்தின் பெருமையைப் பேசும் இடத்தில் இவ்வுண்மையை மறைத்தல் தகாது.

கூரை சரிந்தது

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆங்கிலேய அலுவலர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களின்றி ஆட்சி நடவாது என்று நாற்பது ஆண்டுகளாகக் கூறப்பட்டுவந்த கூற்றை அந்நாள்கள் சோதித்தன. தண்ணீர்க் குழாயும் இரயிலும் அஞ்சலும் உள்ளூர் ஊழியராலேயே இயங்கின. மலாய் அலுவலர் மாவட்டப் பொறுப்புகளை ஏற்றனர். அது சப்பானியர் கொடுமையின் காலம். சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் திரும்பவில்லை. அக்காலத்தைப் போற்றுவார் எவருமிலர். ஆயினும் அலுவலக நாற்காலியைப் பற்றிய ஒரு மாயை அப்போது கலைந்தது. பின்னர் அது திரும்பவே இல்லை.

போருக்குப் பின் வந்த மாற்றங்கள் விரைவானவை. 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. சிங்கப்பூரில் 1951-இல் பொதுச்சேவை ஆணையம் அமைந்தது. 1952-இல் வெளிநாட்டு அலுவலருக்கு மட்டும் கூடுதல் படிகள் வழங்கப்பட்டதை எதிர்த்து, கோ கெங் சுவீ, கென்னத் பர்ன் முதலியோர் உள்ளூர் அலுவலரை ஒன்றுதிரட்டினர். கூட்டரசில், 1950-களின் தொடக்கத்தில் மலாய்க்காரரல்லாத குடிமக்களுக்கும் ஆட்சிப்பணி திறக்கப்பட்டது. நான்கு மலாய்க்காரருக்கு ஒருவர் என்பது விகிதம். 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலை வந்தபோது, மலாயமயம் எனப்பட்ட திட்டத்தின் வழி வெளிநாட்டு அலுவலர் இழப்பீடு பெற்று விலகத் தொடங்கியிருந்தனர். சிங்கப்பூரில் இதற்கென அமைந்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் மருத்துவர் பா. ஆர். சீனிவாசன், அதன் அறிக்கை 1956-இல் வெளிவந்தது. 1959-இல் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூர் அரசாங்கம், அலுவலர் மக்களின் நிலையை உணரவேண்டும் என்று கருதி, அவ்வாண்டே அரசியல் கல்வி நிலையம் ஒன்றைத் திறந்தது. மலேசியாவில் மலாயா ஆட்சிப்பணி உருமாறி நிர்வாக, அரசதந்திரப் பணியாயிற்று. அதன் பயிற்சிக்கென இந்தான் எனப்படும் தேசியப் பொது நிர்வாகக் கழகம் 1972-இல் நிறுவப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியரும் மாணவரும் கொள்ளத்தக்க கருத்துகள் மூன்று.

முதலாவது, தேர்வைப் பற்றியது. பரிந்துரையைவிடத் தேர்வு மேலானது, இதில் ஐயமில்லை. ஆனால் தேர்வுக் கூடத்துக்குள் யார் வரலாம் என்று வகுக்கும் விதி, வினாத்தாளைவிட வலியது. 1904-ஆம் ஆண்டு விதி வெளிப்படையாக எழுதப்பட்டது. தோட்டத்துப் பிள்ளையைத் தடுத்த விதி எங்கும் எழுதப்படவில்லை. வண்டிச் செலவும் கொட்டகைப் பள்ளியுமே அவ்விதி. எழுதப்பட்ட விதியை எதிர்த்துக் குரல் எழுப்பலாம். எழுதப்படாத விதியை அடையாளம் காண்பதற்கே கல்வி வேண்டும்.

இரண்டாவது, பள்ளியைப் பற்றியது. யாழ்ப்பாணத்தாரின் உயர்வுக்கு அவர்தம் பிறவிக் கூர்மையைக் காரணம் காட்டுவாருளர். அது பொருந்தாக் கூற்று. அரை நூற்றாண்டு முன்னரே ஊர்தோறும் நடப்பட்ட பள்ளிகளின் விளைவே அவ்வுயர்வு. பள்ளி இன்று நடும் விதை ஐம்பது ஆண்டு கழித்தே நிழல் தரும். மாணவர் தொகை குறைந்த சிறு பள்ளிகளில் பணிபுரியும் நம் ஆசிரியர்கள் மனம் தளரும் வேளையில் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது, வேலையைப் பற்றியது. கீழ்ப்படி கிடைத்ததே பெரும்பேறு என்று எண்ணிய ஒரு தலைமுறை, தம் பிள்ளைகளைக் கிராணி வேலைக்கென்றே படிக்கவைத்தது. ஆணையை நிறைவேற்றும் திறம் அவர்களிடம் நிறைந்திருந்தது. ஆணையை ஆராயும் பழக்கம் வளர்க்கப்படவில்லை. அது அவர்களுடைய குற்றமன்று; அவ்வாட்சி அவர்களிடம் எதிர்பார்த்ததே அவ்வளவுதான். ஆனால் இன்றைய வகுப்பறையில், சொன்னதைப் பிழையின்றி எழுதும் மாணவனுக்கு மட்டும் முழு மதிப்பெண் வழங்கி, 'ஏன்?' என்று கேட்பவனை அமரச் சொல்வோமாயின், நாமும் அப்பழைய அலுவலகத்துக்கே ஆள் தயாரிக்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு பணி தரலாம். தம் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு முன் இருந்தவர் எந்தப் படியில் நின்றார், அல்லது படிக்கு வெளியே நின்றார் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வரட்டும். நிலைய அதிபரின் பேரனும் பால்மரம் வெட்டியவரின் பேத்தியும் ஒரே பலகையில் அமர்ந்து தத்தம் ஏடுகளைப் படித்துக் காட்டட்டும். பெயரேட்டில் ஒரு கோடாக மட்டும் பதிவான மனிதரின் பெயர், அன்றேனும் முழுமையாக எழுதப்படும்.